குளத்தைக் காலி செய்யாதே

தம்பி, பங்களாக் குளத்தில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. குளித்துவிட்டுப் படிக்கலாம், சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம், அவசரமில்லை. ஆனால் படித்து முடிக்காமல் மேலே ஏறாதே. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை தர்ஷினி. என் கண்ணில் புரை முற்றிவிட்டதால் கோடு போட்ட தாளில் கோடே தெரிவதில்லை. நீ கொழும்பில் நீச்சல் குளக் கோர்ஸ் முடித்து வந்து இறங்கும் சனிக்கிழமை நான் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அப்பாவுக்கு இன்று தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் எழுதுகிறோம், இந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தர்ஷினி தாளை விஞ்ஞானப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறாள். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அவளுடைய பயத்தில் அப்பாவுக்கு ஒரு பங்கு, மிச்சமெல்லாம் மழைக்கு.

போன வாரம் நீ அப்பாவிடம் போனில் சொன்னதை அவர் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். பங்களா டொக்டர் ஐயா இந்த வருடம் நீச்சல் குளத்தை அடி தெரியக் காலி செய்து உள்ளே புது நீலம் அடிக்கப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை நீ அடி வால்வைத் திறந்துவிடுவாய், அதற்குப் பிறகு பெயின்ட்காரர்கள் வருவார்கள். “என் மகன் கையாலதான் எல்லாம் நடக்கப் போகுது” என்று அவர் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த பெருமை இந்தக் கண்ணுக்கும் தெரிந்தது. அன்றைக்கே உன்னைப் போனில் கூப்பிட்டேன். நினைவிருக்கும்.

“தம்பி, மழை தொடங்கிருச்சுடா. இப்ப அதக் காலி பண்ணக் கூடாது.”

“அம்மா, அதுக்குத்தானே நான் கோர்ஸ் செய்றேன். வெளிநாட்டுல எல்லாம் குளிர் வர்றதுக்கு முன்னாடி ஸ்விம்மிங் பூலை இப்படித்தான் மூடுறாங்க. டொக்டரோட மகன் கனடாவுல இருந்து வீடியோ அனுப்பியிருக்காரு. வந்து காட்டுறேன்.”

“அந்த வீடியோவுல நம்ம மலை இருக்கா?”

நீ சிரித்தாய். “சரிம்மா, வைக்கிறேன், சார் வர்றாரு” என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனை வைக்கலாம், அம்மா எழுதியதை அப்படி வைத்துவிட மாட்டாய் என்று நம்புகிறேன்.

அந்த வீடியோவைத் தர்ஷினியின் போனுக்கு நீயே அனுப்பியிருந்தாய். அவள் பார்த்துப் பார்த்துச் சொல்ல நான் கேட்டேன். வீட்டைச் சுற்றி வெள்ளையாகப் பனி கிடக்கிறதாம். ஓர் ஆள் குழாய்களுக்குள் காற்றை அடித்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிறானாம். தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் குழாயும் பம்பும் வெடித்துவிடும் என்று கீழே எழுத்து ஓடுகிறதாம். “குளத்துல தண்ணி இருக்கா இல்லையா, அத மட்டும் பாரு” என்றேன். “இருக்கும்மா. கொஞ்சம் கொறச்சிருக்காங்க, அவ்ளோதான்” என்றாள். திரும்பவும் பார்க்கச் சொன்னேன், அதையேதான் சொன்னாள். பார்த்தாயா தம்பி, அவ்வளவு குளிர் உள்ள ஊரில்கூட குழாயைத்தான் காலி செய்கிறார்கள், குளத்தை நிறைத்துத்தான் வைக்கிறார்கள். அவர்களுக்கு மேலிருந்து வரும் குளிர் எதிரி. நமக்கு எதிரி அடியில் இருந்து வருகிறது.

அந்தக் குளத்தை வெட்டியபோது நீ சின்னப் பையன். பழைய சின்னத்துரை பங்களாவை டொக்டர் ஐயா குத்தகைக்கு எடுத்து, வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதியாக மாற்றிய வருடம் அது. தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மலைச்சரிவை வெட்டினார்கள். முதல் தரம் தண்ணீர் நிரப்பியபோது சில நாட்கள் லயத்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நான் குடத்தோடு மலைத் தண்ணீர் விழும் பீலியில் வரிசையில் நின்றேன். நீ பக்கத்தில் நின்று கேட்டாய், “ஏம்மா, குளிக்கிறதுக்கே இவ்ளோ தண்ணின்னா அவங்களுக்குக் குடிக்க எவ்ளோ வேணும்?” வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குளத்தையே நான் ஒரு நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

மலையில் கொழுந்து பறித்த எனக்கு முதுகு வலி வந்த பிறகு பங்களாவில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. அப்போது குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன், போனவன்தான். போகும்போது குளோரின் பீப்பாவைப் பம்ப் அறைக்குள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டான். மழை முடிந்து திறந்தால் உள்ளே நிற்க முடியவில்லை, கண்ணும் தொண்டையும் எரிந்தன. பம்பின் இரும்பு முழுக்கத் துரு, செம்புக் கம்பிகளில் பச்சைப் பூ. பண்டாரவளையிலிருந்து ஹார்ட்வேர் கடை நானா வந்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இதத் தண்ணி கெடுக்கல்ல, மருந்து கெடுத்திருக்கு. நோயாளிக்குப் பக்கத்துல பார்மசியையே தொறந்து வச்சிட்டுப் போயிருக்கான்” என்றார். டொக்டர் ஐயாவுக்கு அது பிடித்துப்போய் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து போன வருடம் கண் மங்கும் வரைக்கும் அந்தக் குளத்தைத் திறந்ததும் மூடியதும் நான்தான். அந்தச் சாவி இப்போது உன்னுடையது, கொழும்புக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஒவ்வொரு வருடமும் நான் வெயில் இருக்கும்போதே மூடிவிடுவேன். ஆவணி முடிந்ததும் விருந்தாளிகள் குறைந்துவிடுவார்கள், மலையும் காய்ந்து கிடக்கும். இந்த வருடம் ஐப்பசி வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் அது தள்ளிப் போய்விட்டது. நீ கொழும்புக்குப் போன மறுநாளே மழை பிடித்தது. மழை நாளில் மலைக்குள்ளே தண்ணீர் ஊறும். குளத்தைச் சுற்றி இருக்கும் மண்ணும் அடியில் இருக்கும் மண்ணும் ஊறி, அந்தத் தண்ணீர் குளத்தின் அடியை மேலே தள்ளும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரைக்கும் அதன் பாரம் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அமுக்க ஆளில்லை. எல்ல ஊருக்குப் போகும் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இப்படித்தான் கார்த்திகை மழையில் காலி செய்தார்கள். நானா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சீமெந்துத் தளம் நடுவில் விம்மிக்கொண்டு, ஓரத்துக் குழாய்கள் எல்லாம் முறிந்து, டைல்கள் சோறு பொங்கும்போது மூடி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன. “பூல் எந்திரிச்சு நிக்கிது, பாத்தீங்களா” என்றார் நானா. நான் குனிந்து அந்த வெடிப்புக்குள் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அது குளத்துக்கு வரும் கேடு. நான் தூங்காமல் இருப்பது அதற்காக இல்லை. அடி வால்வைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியுமா? வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கும் அந்தத் தடித்த குழாயை நீ பார்த்திருப்பாய். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. குளம் கட்டிய கொந்தராத்துக்காரர் அதை ரோட்டோரத் தண்ணீர்க் கான் வரைக்கும் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு, பாதிச் சரிவில் செடிகளுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கு நேர் கீழே இருப்பது நம் லயம். கட்டி முடித்த வருடம் கொஞ்ச நேரம் திறந்து சோதித்தார்கள். தேயிலையின் வேர் வெளியே தெரிய மண்ணை அரித்துக்கொண்டு சிவப்பாக நம் பின்பக்கத்துக் கான் வரைக்கும் வந்தது. அது நல்ல வெயில் காலம். மறுநாளே காய்ந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது மலை ஏற்கெனவே குடிக்க முடியாத அளவுக்குக் குடித்துவிட்டு நிற்கிறது. அதன் முதுகில் ஒரு குளத்தை ஒரே நாளில் ஊற்றப் பார்க்கிறீர்கள்.

நம் லயத்து வீட்டுக் காம்பராவின் பின்கதவு மூட மறுக்கிறது. மரம் மழைக்கு ஊதியிருக்கும் என்கிறார் அப்பா. எல்லா வருடமும் மரம் ஊதும், அப்போது அடியில் இடிக்கும். இந்தத் தரம் நிலையே சாய்ந்த மாதிரி மேல் மூலையில் இடிக்கிறது. சமையலறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் முழங்கை உயரத்துக்கு ஈரம். பின்கானில் தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி ஓடுகிறது என்று தர்ஷினி சொன்னாள். அவள் பள்ளிக்கூடப் பையைப் பொலித்தீன் பையில் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறாள், சப்பாத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். “எதுக்குடி?” என்று கேட்டேன். “ஓட வேண்டி வந்தா புத்தகம் நனையாதும்மா” என்றாள். இதை எழுத வேண்டாம் என்று இப்போது என்னிடம் கெஞ்சுகிறாள். எழுது, அண்ணனுக்குத் தெரியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் எனக்குத் துணை யாரும் இல்லை தம்பி, அதுதான் கொடுமை. லயத்துச் சனம் எல்லாம் உன்னைத்தான் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறது. மழை வந்தால் மேலே அவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்பதை நினைத்துத் தூங்காதவர்கள் அவர்கள். கோடி வீட்டுச் செல்லம்மா அக்காவைத் தெரியும்தானே, அவளுடைய தங்கை குடும்பம், மலை சரிந்து லயங்களை மூடிய மீரியபெத்தவில் இருந்தது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆனால் வருடா வருடம் மழைக்கு முன்னால் என்னிடம் வந்து அந்தத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பாள். முந்தாநாள் பீலியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியே, ஒம் மகன் ஞாயித்துக்கெழம தண்ணியத் தொறந்து விடப் போறானாமே. அவன் நல்லா இருக்கணும். எத்தன வருசமா ஒன்கிட்ட கேட்டோம், ஒனக்கு எங்களவிடக் கொளத்து மேலதான் பாசம்.”

“அக்கா, அந்தத் தண்ணி எங்க வந்து விழும்னு தெரியுமா?”

“எங்கயோ போவுது. தலைக்கு மேல இல்லாமப் போனாச் சரி.”

“தலைக்கு மேல இருந்து எறங்கி முதுகுக்குப் பின்னால வரும்க்கா. மெதுவாத்தான் வரும்.”

“போடி, கண்ணு தெரியாதவளுக்கு எல்லாம் இருட்டாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். பயந்தவர்களிடம், நீங்கள் கேட்பதுதான் உங்களுக்கு ஆபத்து என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்பது நியாயம். அந்தக் குளம் அங்கே இருந்திருக்கவே கூடாது. ஆனால் இருந்துவிட்டது. இருக்கிறதை இந்த மழை முடிகிற வரைக்கும் அசைக்காமல் வைத்திருப்பதுதான் இப்போதைக்குக் காவல்.

டொக்டர் ஐயாவிடமும் பேசினேன். தர்ஷினிதான் நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

“சொல்லுங்கோ, கண் எப்பிடி இருக்கு? கண்டியிலை நான் சொல்லி வைச்சிருக்கிறன், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ.”

“கண்ணு இருக்கட்டுங்க ஐயா. அந்தக் கொளத்த மழை முடிஞ்சு காலி பண்ணலாங்களே. இப்ப மலை நனஞ்சு கெடக்குங்க, கீழ எங்க லயம் இருக்குங்க.”

“பெயின்ற்காரர் இப்பதான் வருவினம். தை, மாசியிலை ஆக்கள் வரத் தொடங்கிடுவினம். பிறகு எப்ப அடிக்கிறது? உங்கடை மகன் படிச்ச பிள்ளை, அவரிட்டை விடுங்கோ. அவர் பாத்துச் செய்வார்.”

அவர் நல்ல மனிதர். என் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் என் குரல் அதற்கு மேல் எழும்பவில்லை. அவர் கொழும்பில் இருந்துகொண்டு கண்ணை மூடினால் நீலக் குளம் தெரிகிறது. எனக்கு அந்தக் குழாயின் வாய் தெரிகிறது. அவர் உன்னிடம் விட்டுவிட்டார். அப்பா உன்னிடம் விட்டுவிட்டார். லயம் உன்னிடம் விட்டுவிட்டது. இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவையும் வைத்துவிட்டுப் போகிறோமே என்று நினைக்கும்போது எனக்குக் கண்டிக்குப் போகவே கால் வரவில்லை. இந்த நாள் தப்பினால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று அப்பா கத்துகிறார்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வால்வைத் தொடாமல் குளத்தை மூடு. மழை விட்ட காலையில் இலைகளை வலையால் அள்ளி எடுத்துவிட்டு, சுவரைத் தேய்த்துவிட்டு, குளோரினை வாளியில் கரைத்து ஊற்றி, பம்பை ஒரு நாள் ஓடவிடு. மருந்து எல்லா மூலைக்கும் போகட்டும், இல்லையென்றால் தை மாதம் திறக்கும்போது பச்சைக் கூழ்தான் இருக்கும். மணல் வடிகட்டியைக் கழுவும்போது பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பாதே. நீ அவசரக்காரன், ஓட ஓடத் திருப்புவாய், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிடும். பிறகு தண்ணீருக்குள் இறக்கும் சின்னப் பம்பைப் போட்டு, நீளக் குழாயைப் பங்களாவின் மறுபக்கம் கொண்டுபோய் ரோட்டோரச் சீமெந்துக் கானில் விடு. அந்தக் கான்தான் ஓடையில் போய்ச் சேருகிறது. முதலில் கானில் அடைத்திருக்கும் மண்ணை வாரி எடு. குளத்துச் சுவரில் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு நாலு விரல் கீழே இறங்கினால் போதும், நிறுத்திவிடு. அந்த இடைவெளி மழைக்காக. மழை அதை நிரப்பிவிடும், மறுபடி வெயில் முகம் காட்டும் காலையில் மறுபடி இறக்கு. குளம் நிரம்பி வழிந்து அந்தச் சரிவில் ஒரு சொட்டும் போகக் கூடாது. மழை முடியும் வரைக்கும் இதுதான் உன் வேலை, சலிக்காதே.

பெரிய பம்பின் வயிற்றுக்கு அடியில் இரண்டு திருகு இருக்கும், அவற்றைக் கழற்றித் தண்ணீரை வடியவிடு. கழற்றிய திருகுகளைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு வை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்துவிடாதே. பம்பைப் பங்களாச் சாமான் அறைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கில் சுற்று. பொலித்தீனில் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். குழாய் வாய்களை மூடு, எலி குடிவந்துவிடும். ஒரு வருடம் மோட்டாருக்குள் எலி குட்டி போட்டிருந்ததை நீதானே கண்டுபிடித்தாய். அவற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு வந்து வளர்க்கலாமா என்று கேட்டாய், அப்பா விரட்டினார். மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிடு, மாலையில் இடி இறங்கும் காலம் இது. குளோரின் பீப்பா வேறு அறையில். இதையெல்லாம் கோர்ஸில் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் நல்லது, இரண்டு தரம் கேட்டதாக இருக்கட்டும்.

டொக்டர் ஐயாவிடம் பேசும்போது லயத்தைப் பற்றிப் பேசாதே. நான் பேசிப் பார்த்துவிட்டேன். நீ குளத்தைப் பற்றிப் பேசு. மழையில் காலி செய்தால் தளம் தூக்கி வெடிக்கும், குழாய்கள் முறியும், வருகிற வருடம் விருந்தாளி வர முடியாது, ஆடி மாத வெயிலில் இரண்டு வாரம் மூடி நீலம் அடித்துக்கொள்ளலாம் என்று சொல். எல்ல ரோட்டுக் குளத்தை நானாவிடம் கேட்கச் சொல். அது பொய்யில்லை, முழு உண்மை. அவருக்குக் கேட்கும் உண்மை அதுதான். லயத்தில் படுத்திருக்கும் உயிர்களை அவர் மறந்தாலும் பரவாயில்லை, நீ மறக்கக் கூடாது. பெரியவர்களிடம் இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தோடு வாழலாம்.

அப்பா மேல் கோபப்படாதே. அவர் கோழை இல்லை. அவருடைய அண்ணன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற இடத்தில் கணக்கப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதற்காக வேலையில்லாமல் நின்றதை, அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். மேலே இருப்பவர் சொன்னால் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டால் வீடு நிற்கும் என்று அவர் நம்புகிறார். அப்படித்தான் நம்மை வளர்த்தார். உனக்கும் தையில் கல்யாணம் வைத்திருக்கிறது. ஹாலிஎலயிலிருந்து சம்பந்தி வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்ட கேள்வி, “மாப்பிள்ளைக்கு வேலை நிலையானதுதானே?” என்பது. பங்களா வேலை போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் வந்து படுக்கப் போவதும் இதே காம்பராவில், இதே ஈரச் சுவருக்குப் பக்கத்தில். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவளிடம் சொல்லப் பழகு. தெரிந்ததை மற்றவருக்காகத் தெரியாது என்று சொல்லாதே. கல்யாணத்துக்கு நான் சொல்ல வைத்திருந்த புத்திமதி அவ்வளவுதான். அதை இப்படி ஒரு கடிதத்தில் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

குளத்தை மூடிய பிறகு செல்லம்மா அக்காவிடம் நீயே போ. அவளை மேலே கூட்டிக்கொண்டுபோய் அந்தக் குழாயின் வாயைக் காட்டு. ஏசுவாள். அவள் ஏசி முடியும் வரைக்கும் நில். மழை இரவும் பகலும் விடாமல் பெய்தால், கிராம சேவகர் வந்து சொல்வதற்குக் காத்திருக்காமல், தர்ஷினியையும் அப்பாவையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. அப்பா வர மாட்டேன் என்பார். அவருடைய ரேடியோவை முதலில் எடுத்துக்கொண்டு நட, பின்னாலேயே வருவார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ வால்வுக் குழியின் மூடியைத் தூக்கினால் அங்கே திருப்புகிற சக்கரம் இருக்காது. இன்றைக்கு மத்தியானம் போய் நான் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். தர்ஷினி குடை பிடித்தாள். கண் தெரியாவிட்டாலும் அந்த நட்டு எந்தப் பக்கம் கழலும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. துணியில் சுற்றி என் ஆஸ்பத்திரிப் பையில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன், என்னோடு கண்டிக்கு வருகிறது. டொக்டர் ஐயா கேட்டால் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல். என் பெயரைச் சொல்லக் கொஞ்சமும் தயங்காதே, கோபம் என் மேல் இருக்கட்டும், நான் வந்து பேசிக்கொள்கிறேன். பைப் ரென்ச் போட்டால் சக்கரம் இல்லாமலும் அந்தத் தண்டைத் திருப்பிவிடலாம். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரென்ச் பம்ப் அறையில் ஆணியில்தான் தொங்குகிறது. அதையும் எடுத்துவிடச் சொல்லித் தர்ஷினி என் கையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள். நான் எடுக்கவில்லை. “அது அண்ணனுக்கு வேணும், வேலை செய்ற பிள்ளை. வா போவோம்” என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.